கேலிப் பெயர் வைக்கும் முன்: ஆன்லைன் கேமிங்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆன்லைன் கேம் எதைத் திறந்தாலும் அது முதலில் கேட்பது பெயரைத்தான். சீக்கிரம் விளையாட வேண்டும் என்ற அவசரத்தில், சிரிப்பு வரும்படி எதையாவது தட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறோம். கொஞ்ச நாளில் நண்பர்கள் சேர்ந்து கிளான் என்ற விளையாட்டுக் குழு ஒன்றைத் தொடங்குவார்கள். அதற்கும் ஒரு கேலிப் பெயர் வரும். அப்புறம் அந்தப் பெயர், ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும் லாபியில், ஸ்கோர்போர்டில், யாரையாவது வீழ்த்தும்போது திரையின் ஓரத்தில், ஸ்ட்ரீம் செய்பவரின் வாயில் என்று முன்பின் தெரியாத ஆட்களிடம் நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும். "சும்மா தமாஷுக்கு வைத்தோம்" என்ற விளக்கம் அதனுடன் போகாது. படிப்பவருக்குக் கிடைப்பது பெயர் மட்டும்தான்.

கேலிப் பெயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கேலிப் பெயர் ஒரு குழுவை ஒட்டவைக்கும், தோற்ற அன்றைக்கும் சிரிக்க வைக்கும். ஆனால் சில பெயர்கள், உள்ளே வர நினைக்கும் ஒருவரிடம் "இது உனக்கான இடமில்லை" என்று சொல்லிவிடுகின்றன. அப்படிப் போனவர் புகார் கொடுக்க மாட்டார், காரணமும் சொல்ல மாட்டார். அதனால்தான் பெயர் வைத்தவர்களுக்கு நடந்தது தெரிவதே இல்லை. பெயர் வைப்பதற்கு முன் அரை மணி நேரம் செலவழித்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

படி 1: அந்தச் சிரிப்பு யாரைக் குத்துகிறது என்று பாருங்கள்

மனதில் தோன்றும் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்தக் கேலி யார் மீது விழுகிறது என்று எழுதுங்கள். "குறி தவறியோர் சங்கம்", "முதலில் சாவோர் அணி", "பிங் 999" (இணையம் மகா மந்தம் என்று பொருள்) போன்ற பெயர்களில் அடி உங்கள் மீதே விழுகிறது. யாருக்கும் வலிக்காது. ஒரு இனம், மதம், சாதி, ஊனம், நோய், பாலினம், கொத்துக் கொலை ஆகியவற்றில் ஒன்றை எழுத வேண்டி வந்தால் அந்தப் பெயரை அங்கேயே அடித்துவிடுங்கள். அதைத் திருத்திக் காப்பாற்ற முயல்வது பெரும்பாலும் வீண் வேலை.

கேமிங்கில் நெடுநாள் புழங்கியதால் காரம் குறைந்ததுபோல் தோன்றும் சொற்களில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். மோசமாக ஆடுவதைக் "கேன்சர்" என்பது, தப்பு செய்பவரை "ஆட்டிஸ்டிக்" என்பது, பெரிய வித்தியாசத்தில் ஜெயிப்பதை வன்புணர்வுச் சொல்லால் குறிப்பது, கண்டிப்பான கில்ட் (கிளான் போன்ற குழு) தலைவரை "நாஜி" என்று அழைப்பது எல்லாம் இதில் சேரும். நம் மொழியிலும் நொண்டி, லூசு, பொட்டை போன்ற சொற்கள் இதே வழியில்தான் பெயர்களுக்குள் வந்து சேர்கின்றன. நூறு பேர் இறங்கும் ஒரு ஆட்டத்தில் புற்றுநோய்க்கு அம்மாவைப் பறிகொடுத்தவரும் இருக்கலாம், ஆட்டிசம் உள்ள பையனும் இருக்கலாம். அவர்கள் வாய்ஸ் சாட்டில் வந்து அதைச் சொல்லப் போவதில்லை. விளையாட வந்தவர் தன் வாழ்க்கையை விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய நிலையே வரக் கூடாது.

படி 2: இடைவெளியை எடுத்துவிட்டு, சத்தமாகப் படியுங்கள்

பல கேம்களில் பெயருக்கு நடுவே இடைவெளி விட முடியாது. இரண்டு நல்ல சொற்கள் ஒட்டும்போது நடுவில் மூன்றாவதாக ஒரு சொல் முளைப்பது உண்டு. எழுத்தில் அப்பாவியாகத் தெரிந்து, வாய்விட்டுச் சொன்னால் ஆபாசமாகும் பெயர்களும் நிறைய இருக்கின்றன. ஸ்ட்ரீமரையோ போட்டி வர்ணனையாளரையோ அப்படி ஒன்றைச் சொல்ல வைப்பதற்கென்றே பெயர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். கிளானில் யாராவது இப்படி ஒரு பெயரைச் சிரித்துக்கொண்டே முன்மொழிந்தால், காரணம் புரியும்வரை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது சுருக்கம். உறுப்பினர் பெயரோடு ஒட்டிவரும் கிளான் டேக் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து எழுத்துதான். முழுப் பெயரை யாரும் பார்க்க மாட்டார்கள், டேக்கைத்தான் பார்ப்பார்கள். ஆங்கிலத்தில் கே எழுத்தில் தொடங்கும் மூன்று சொற்களை வைத்தால் அமெரிக்காவின் கு க்ளக்ஸ் க்ளான் இனவெறி அமைப்பின் சுருக்கம் வந்து நிற்கும். அதே எழுத்தைத் தொடர்ந்து தட்டுவது பிரேசில்காரர்களுக்கு வெறும் சிரிப்பு. சாட்டில் அப்படி வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். டேக்காக மட்டும் வைக்காதீர்கள்.

நாட்டுப் பெயரைச் சுருக்கும்போதும் கவனம் வேண்டும். ஜப்பானியர்களை "ஜாப்" என்று குறிப்பது இரண்டாம் உலகப் போர்க் கால வசையாகவே ஆங்கிலத்தில் நினைவில் இருக்கிறது. "பாக்கி" என்பது பாகிஸ்தானியர் என்பதன் சுருக்கம்தானே என்று நமக்குத் தோன்றும். பிரிட்டனில் அது இந்தியர், வங்கதேசத்தவர், இலங்கையர் உட்படத் தெற்காசிய முகம் உள்ள எல்லோர் மீதும் எறியப்பட்ட இனவசை. அங்கே வளர்ந்த ஒருவர் அதை டேக்கில் பார்த்தால், பள்ளிக்கூடத்துக்கு வெளியே தன்னைத் துரத்தியவர்கள் நினைவுக்கு வரலாம்.

படி 3: கில் ஃபீடில் ஓட்டிப் பாருங்கள்

கேமிங் பெயருக்கு மட்டுமே உரிய சோதனை இது. பொதுவான பெயர் ஆலோசனைகளில் இது இருக்காது.

ஷூட்டர் கேம்களில் ஒருவர் இன்னொருவரை வீழ்த்தியதும் கில் ஃபீட் என்று திரையில் ஒரு வரி வரும்: இன்னார், இன்னாரைக் கொன்றார். உங்கள் பெயர் அந்த வரியின் எழுவாயாகவும் வரும், செயப்படுபொருளாகவும் வரும். இரண்டு இடத்திலும் பொருத்திப் படித்துப் பாருங்கள். ஒரு மதத்தவரையோ இனத்தவரையோ குறிக்கும் சாதாரணச் சொல் தனியாக நிற்கும்போது தப்பில்லாததுபோல் தெரியலாம். "கொன்றார்" என்பதற்கு முன்னால் வந்ததும் அது கொலைக் கொண்டாட்டமாகிவிடும். குழந்தை, அகதி, நோயாளி என்று பெயர் வைப்பதற்கும் இதே கதிதான். சிலர் இந்த வரியை மனதில் வைத்தே பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுடைய நோக்கம் உங்களுக்கு இல்லாவிட்டாலும் திரையில் வரும் வாக்கியம் ஒன்றுதான்.

டீம் சாட், கிளான் போர் அறிவிப்பு, வெற்றித் திரை ஆகியவற்றிலும் பெயர் எந்த வாக்கியத்துக்குள் போய் உட்காரும் என்று ஒருமுறை கற்பனை செய்துகொள்ளுங்கள்.

படி 4: எண்களைச் சரிபாருங்கள்

நினைத்த பெயர் ஏற்கனவே எடுக்கப்பட்டிருந்தால் பின்னால் ஒரு எண்ணைச் சேர்ப்போம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆங்கில எழுத்து வரிசையில் எட்டாவது எழுத்து எச். அதனால் நவ நாஜிகள் 88 என்பதை "ஹைல் ஹிட்லர்" (ஹிட்லர் வாழ்க) என்பதற்கான மறைகுறியாக வைத்திருக்கிறார்கள். 18 என்பது அடால்ஃப் ஹிட்லரின் முதலெழுத்துகள். 14 என்பது வெள்ளை இனவெறியர்களின் பதினான்கு சொல் முழக்கம் ஒன்றைக் குறிக்கும். 14-ம் 88-ம் சேர்ந்து வந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

விளையாட்டு உலகம் இதைப் பொருட்படுத்தத் தொடங்கிவிட்டது. இத்தாலியில் கால்பந்து வீரர்கள் 88 என்ற எண்ணை அணியக் கூடாது என்று 2023-இல் முடிவெடுத்தார்கள். 2024-இல் ஜெர்மனி அணியின் சட்டையில் 44 அச்சிட்டு விற்பதை அடிடாஸ் நிறுத்தியது. அந்த எழுத்துருவில் அது நாஜிகளின் எஸ்எஸ் படைச் சின்னத்தைப் போலத் தெரிந்ததுதான் காரணம்.

ஆனால் 88-ஐப் பார்த்தவுடன் ஒருவரை நாஜி என்று முடிவுகட்டவும் கூடாது. 1988-இல் பிறந்தவர்கள் ஏராளம். சீனர்களுக்கு 8 அதிர்ஷ்ட எண், சீன சாட்டில் 88 என்றால் "பை பை". அமெச்சூர் ரேடியோக்காரர்கள் 88-ஐ அன்பு முத்தம் என்ற பொருளில் பயன்படுத்துகிறார்கள். அடுத்தவர் பெயரில் இருந்தால் பெயரின் மற்ற பகுதி, சின்னம், பேச்சு எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் பெயரில் சேர்ப்பதாக இருந்தால் வேறு எண்ணை எடுப்பது சுலபம். பிறந்த ஆண்டு வேண்டும் என்றால் நான்கு இலக்கமாக எழுதிவிடலாம்.

இது வெளிநாட்டுக்காரர்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். தமிழில் "ஒன்பது" என்ற எண்ணைச் சொல்லித் திருநங்கைகளை எத்தனை பேர் காயப்படுத்தியிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஒரு எண் எப்படி வசையாகும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு உதாரணமே போதும்.

படி 5: தேடிப் பாருங்கள்

பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அப்புறம் "பொருள்", "வசை" என்ற சொற்களை ஆங்கிலத்தில் சேர்த்து இன்னொரு முறை தேடுங்கள். படத் தேடலையும் பார்த்துவிடுங்கள். ஒரு சொல் எந்த மாதிரிக் கூட்டத்தில் புழங்குகிறது என்பது படங்களில் சட்டென்று தெரியும். விக்‌ஷனரி என்ற இணைய அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இனவசை, இழிவு என்ற பொருளில் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சின்னங்கள், எண்கள் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஆன்டி-டிஃபமேஷன் லீக் என்ற அமெரிக்க அமைப்பு வைத்திருக்கும் வெறுப்புச் சின்னங்களின் பட்டியல் உதவும். ஒரு குறி சாதாரணப் பொருளிலும் வரக்கூடும் என்றால் அதையும் அங்கே எழுதியிருப்பார்கள். அர்பன் டிக்‌ஷனரி என்ற கொச்சைச் சொல் அகராதியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் அங்கே எந்தச் சொல்லுக்கும் ஒரு ஆபாசப் பொருள் கிடைத்துவிடும்.

ஒரே சொல் ஊருக்கு ஊர் எடை மாறும் என்பதற்குக் கேம் உலகத்திலேயே சாட்சி இருக்கிறது. 2007-இல் நின்டெண்டோவின் மரியோ பார்ட்டி 8 பிரிட்டனில் வெளியானதுமே கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஒரு பாத்திரம் பேசும் வரியில் "ஸ்பாஸ்டிக்" என்ற சொல் இருந்தது. அமெரிக்காவில் பலர் அதைக் கவனிக்கவே இல்லை. பிரிட்டனில் அது மூளை முடக்குவாதம் உள்ளவர்களைக் கேலி செய்யும் கடுமையான வசை. அந்த மக்களுக்கான தொண்டு நிறுவனமே தன் பெயரிலிருந்த அந்தச் சொல்லை 1994-இல் கைவிட்டு ஸ்கோப் என்று மாற்றிக்கொண்டது. அதே 2007-இல் யூபிசாஃப்ட்டின் மைண்ட் குவிஸ் என்ற கேமும் இதே சொல்லால் திரும்பப் பெறப்பட்டது. பெரிய நிறுவனங்களின் சோதனைகளையெல்லாம் தாண்டி வந்த சொல் இது. நம் நண்பர்கள் நாலு பேர் சரி என்றார்கள் என்பதில் எவ்வளவு பாதுகாப்பு இருக்க முடியும்?

நமக்கு நெருக்கமான சொற்களையும் பாருங்கள். "கூலி" நமக்கு உழைப்புக்குக் கிடைக்கும் காசு. தென்னாப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் இந்திய வம்சாவளியினர் மீது வீசப்படும் வசை. "கெலிங்" மலேசியாவில் தமிழர்கள் கேட்டுக் கூசும் சொல். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் மீது சொல்லப்படும் "காஃபிர்" என்ற சொல்லைப் போலீஸாரிடம் திரும்பத் திரும்பச் சொன்ன ஒருவருக்கு 2018-இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, யாருக்கும் அடங்காத கலகக்காரர்கள் என்ற தோரணையில் ஆங்கிலக் கிளான்கள் வைத்துக்கொள்ளும் "பரையா" என்ற பெயர். ஒதுக்கப்பட்டவன் என்று ஆங்கில அகராதி சொல்லும் அந்தச் சொல், பறையர் என்ற சாதிப் பெயரிலிருந்து போனது. வைத்தவர்களில் பலருக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். ஆகவே எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

பொருள் காலத்தோடும் மாறும். ஐசிஸ் எகிப்திய தேவதையின் பெயர். அந்தப் பெயரில் இருந்த ஒரு அமெரிக்க மொபைல் பணச் சேவை, பயங்கரவாத அமைப்பின் பெயரோடு குழம்பியதால் 2014-இல் சாஃப்ட்கார்டு என்று பெயரை மாற்றியது. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேமில் கூன்ஸ்வார்ம் என்ற பெரிய கூட்டணி உருவான நாளில் "கூன்" என்பது அவர்கள் சார்ந்த இணையக் குழுவின் செல்லப் பெயர் மட்டும்தான். இன்றைய ஆங்கில இளைஞர் வழக்கில் அதே சொல்லிலிருந்து ஆபாசமான வினைச்சொல் ஒன்று கிளைத்திருக்கிறது. ஆகவே பழைய பெயரையும் எப்போதாவது ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

படி 6: வெளியாள் ஒருவரிடம் கேளுங்கள்

உங்கள் குழுவில் இல்லாத, முடிந்தால் வேறு நாட்டிலோ வேறு வயதிலோ இருக்கும் ஒருவர் வேண்டும். "இது தப்பா?" என்று கேட்காதீர்கள். பெரும்பாலானவர்கள் மரியாதைக்காக இல்லை என்று சொல்லிவிடுவார்கள். "இதைப் பார்த்ததும் முதலில் என்ன தோன்றுகிறது?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்வதற்கு முன் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: கெட்ட சொல் ஃபில்டர் விட்டுவிட்டதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள்

கேம் பெயரை ஏற்றுக்கொண்டது என்றால் அதன் தடைப்பட்டியலில் அந்த எழுத்துக் கோர்வை இல்லை, அவ்வளவுதான். ஃபில்டருக்குச் சூழல் தெரியாது. 1996-இல் ஏஓஎல் என்ற இணையச் சேவை, இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் ஊர்க்காரர்கள் கணக்குத் தொடங்க முடியாமல் தடுத்தது. ஊர்ப் பெயரின் நடுவே ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததுதான் காரணம். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் பெரும்பாலான ஃபில்டர்கள் கண்டுகொள்வதே இல்லை. அந்தத் துணிச்சலில் சாதிப் பெயரும் அம்மா மீதான வசையும் லாபிகளில் உலவுகின்றன. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது நன்றாகவே புரிகிறது.

ஃபில்டரும், கேமைக் கண்காணிக்கும் மாடரேட்டரும் எதிர்த்திசையிலும் தவறுவார்கள். தன்பால் ஈர்ப்பாளரைக் குறிக்கும் "கே" என்ற சொல் இருந்தாலே தடை என்று எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற கேமிங் சேவை ஒரு காலத்தில் நடந்துகொண்டது. தன் ஊர் ஃபோர்ட் கே என்று உண்மையைச் சொன்ன ஒருவரை 2010-இல் இடைநிறுத்திவிட்டு, அப்புறம் மன்னிப்புக் கேட்டது. தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு நட்பான கில்டுக்கு ஆள் சேர்த்த ஒருவரை வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் 2006-இல் எச்சரித்தார்கள். அதுவும் தப்பு என்று அந்த கேமின் நிறுவனமான பிளிஸார்ட் பின்னர் ஒப்புக்கொண்டது. ஒருவர் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்வதும், அதே சொல்லை வெளியாள் கேலியாக வைப்பதும் வேறு வேறு. தங்களைக் குத்திய சொல்லைத் தாங்களே எடுத்துப் பெருமையாகச் சூட்டிக்கொள்ளும் குழுக்கள் உண்டு. அது அவர்களுடைய உரிமை. நண்பர் வைத்திருக்கிறார் என்பதற்காக நீங்களும் வைக்காதீர்கள்.

படி 8: ஏற்கனவே மோசமான பெயருள்ள கிளானில் சேர்ந்துவிட்டால்

கடினமான படி இதுதான். ஆட்கள் நல்லவர்கள், விளையாட்டும் பிடித்திருக்கிறது, பெயர் மட்டும் கூச வைக்கிறது. வந்த முதல் நாளே பொது சாட்டில் கேட்டால் எல்லோரும் தற்காப்புக்குப் போய்விடுவார்கள். தலைவருக்குத் தனியாக எழுதுங்கள். யாரையும் குற்றவாளியாக்காமல், விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்: "அண்ணா, நம்ம டேக்கைப் பத்தி ஒண்ணு சொல்லணும். வெளியில இதுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கு. யாரும் வேணும்னு வைக்கலைன்னு தெரியும். அடுத்த சீசனுக்கு மாத்த முடியுமா? ரெண்டு மூணு புதுப் பெயர் யோசிச்சு வச்சிருக்கேன்." மாற்றுப் பெயர்களையும் கையோடு கொண்டுபோவது முக்கியம். வெறும் ஆட்சேபம் சுலபமாகத் தள்ளிப்போய்விடும்.

"இத்தனை வருஷமா இருக்கு, பாரம்பரியம்" என்ற பதில் வரலாம். வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணி, பூர்வகுடிகளை இழிக்கும் தன் பெயரைப் பல பத்தாண்டுகள் இப்படித்தான் காத்து நின்றது. 2020-இல் கைவிட்டது. 2022 முதல் அது கமாண்டர்ஸ். ஜிம்ப் என்ற பட மென்பொருளின் பெயர் ஆங்கிலத்தில் ஊனமுற்றோரைக் கேலி செய்யும் சொல்லும்கூட. பெயர் மாறாததால் 2019-இல் சிலர் பிரிந்து போய் கிளிம்ப்ஸ் என்று தனி மென்பொருளே தொடங்கினார்கள். அது 2021-இல் நின்றுபோனது. பெயர் பழகப் பழக மாற்றுவதற்கான உழைப்பு கூடிக்கொண்டேதான் போகும், ஆகவே கிளான் சின்னதாக இருக்கும்போதே பேசிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

தலைவர் சிரித்துத் தள்ளிவிட்டால்? பெயர் அறியாமல் வந்தது என்றால் இன்னொரு முறை பேசிப் பார்க்கலாம். அறிந்தே வைத்தது, கேட்டவரையே கேலி செய்கிறார்கள் என்றால் வெளியே வந்துவிடுங்கள். வந்தபின் கேமின் ரிப்போர்ட் வசதியில் கிளான் பெயர் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து, அந்தச் சொல்லின் பொருளை ஒரு வரியில் எழுதுங்கள். மாடரேட்டருக்கு உங்கள் மொழி தெரியாமல் இருக்கலாம் என்பதால் அந்த ஒரு வரி பெரிய உதவி.

படி 9: உங்கள் பெயரைப் பற்றியே யாராவது சொன்னால்

"நான் அப்படி நினைக்கவில்லை" என்பது உங்களுக்கு உண்மைதான், அதைச் சொல்லவும் செய்யலாம். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். "தெரியாது, சொன்னதுக்கு நன்றி, மாத்திடறேன்" என்றால் பேச்சு முடிந்தது. அவர் ஏன் காயப்பட்டார் என்று நிரூபிக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

மாற்றுவது கேமுக்குக் கேம் வேறுபடும். கணினி கேம்களை விற்கும் ஸ்டீமில் எப்போது வேண்டுமானாலும் இலவசம். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் ஒருமுறை மாற்றினால் அடுத்ததற்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். பிளேஸ்டேஷனில் 2019 முதல் மாற்ற முடிகிறது, முதல் முறை இலவசம், பிறகு கட்டணம். பல மொபைல் கேம்களில் பெயர் மாற்ற ஒரு கார்டு வாங்க வேண்டியிருக்கும். அதை வாங்கப் பணமில்லாமல் ஒரு கிளான் உறுப்பினர் பழைய டேக்கோடு தவித்தால், மற்றவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுங்கள்.

பெயரை மாற்றியதும் அது ஒட்டியிருக்கும் மற்ற இடங்களையும் பாருங்கள்: கிளான் சின்னம், அறிமுக வரி, டிஸ்கார்ட் சர்வர் பெயர், அங்கே ஒவ்வொருவரும் தனியாக வைத்திருக்கும் செல்லப் பெயர், ஆள் சேர்க்க முன்பு போட்ட அறிவிப்புகள், ஸ்ட்ரீம் தலைப்புகள். ஸ்டீம் உங்கள் பழைய பெயர்களைப் புரொஃபைலில் பட்டியலாகக் காட்டும். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய அம்புக்குறியை அழுத்தினால் அதைப் பார்க்கலாம், அங்கேயே அழித்தும் விடலாம்.